போகியன்று ஒழித்த மீட்பறை

போகிக்குப் பழம்பாயை எரித்த கையோடு, புருஷன் மருதாசலத்தின் நினைவுப்பேழையையும் ஒழித்துச் சுத்தம் செய்தவள் தெய்வாத்தாள். ஊரே அப்படித்தான் செய்தது. காதுக்குப் பின்னால் பேழை பொருத்திக்கொள்ளாத ஆள் கோவையில் கிடையாது. அதில் சேர்கிற அடைசலை வருஷத்துக்கொரு தரம் தள்ளாவிட்டால் புதிதாக எதுவும் பதியாது. மருதாசலத்தின் பேழை 'இடமில்லை, இடமில்லை' என்று ஒரு மாதமாக அனத்திக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால், பெயரே இல்லாத ஓர் அறை பெரிய அண்டா மாதிரி பாதி இடத்தை அடைத்துக் கிடந்தது. 'இந்தக் கருமம் எதுக்கு?' என்று அழித்துவிட்டாள்.

அதுதான் மீட்பறை. பேழை பொருத்திய அன்று ஆள் எப்படி இருந்தானோ, அந்த முழு மனசின் நகல். மூளை பழுதானால் அதைத்தான் திரும்ப ஏற்றவேண்டும்.

ஒன்பது வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மறதிநோய் வந்தது. சாவியை மறந்தார், தெருவை மறந்தார், பெற்ற மகளையே யாரென்று கேட்டார். தெய்வாத்தாளை மட்டும் மறக்கவில்லை. அவள் அடுப்படிக்குப் போனால்கூட "தெய்வா" என்று தேடுவார்.

நேற்று விழுங்க மறந்துவிட்டார்.

"வாயில வெச்ச கஞ்சி அப்படியே நிக்குது கண்ணு. எப்படியாச்சும் எடுத்துக் குடு," என்று மீட்பகத்துப் பெண் ஷர்மிளாவிடம் கெஞ்சினாள். "நாந்தான் பாவி, என் கையாலயே அழிச்சேன்."

"அழுவாதீங்கம்மா. அழிச்சாலும் அடியில தடம் இருக்கும்." மூன்று மணி நேரம் திரையைத் துழாவினாள் அந்தப் பெண். "கெடைச்சிருச்சுங்க! முழுசா இருக்குது."

"நல்லா இருப்பே சாமி!"

ஷர்மிளா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஆனா ஒண்ணுங்கம்மா. இதை ஏத்துனா அன்னைக்கு இருந்த ஆளாத்தான் எந்திரிப்பாரு. அதுக்கப்புறம் பதிஞ்சது எதுவும் மிஞ்சாது. சொந்த வயசு ஒறைக்கவே ரெண்டு நாள் ஆகும். தேதி மாசி பதினேழுன்னு காட்டுது. நாப்பத்தொரு வருசத்துக்கு முந்தி."

தெய்வாத்தாளை அவர் பெண் பார்க்க வந்தது அந்த வருஷப் பங்குனியில். அவள் விரல்விட்டு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"அன்னிக்கு நான் அழிக்காம இருந்திருந்தா?"

"இடமில்லாம ஒண்ணுமே பதிஞ்சிருக்காதுங்க. இந்தப் பதினோரு வருசமா அவரு உங்களோட வாழ்ந்ததெல்லாம் அந்தக் காலி எடத்துலதான் இருக்குது."

இதையா தப்பென்று இத்தனை நாள் அழுதோம்?

மருதாசலம் அவள் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடைவாயில் எச்சில் வழிந்தது. "தெய்வா," என்றார்.

"இங்கதான் இருக்கேன் மாமா."

அந்த முகத்தை ஆசைதீரப் பார்த்தாள். எங்கே தீர்கிறது? கஞ்சி இறங்காமல் இந்த உடம்பு இன்னும் எத்தனை நாள் தாங்கும்? பொத்தானை அவளே அழுத்தினாள்.

அரைமணியில் கண் விழித்தார். கையில் இருந்த முந்தானையைப் பார்த்துப் பதறி, சட்டென்று விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

கொடுத்தாள். மடக்மடக்கென்று குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்து அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"நேரமாச்சுங்களா? அய்யன் தேடுவாரு. பொண்ணு பார்க்கப் போகோணும், துணி எடுக்கோணும்."

"எந்த ஊருப் பொண்ணுங்க?"

"அன்னூருங்க. பேரு தெய்வாத்தாளாம்." பிடரியைத் தடவிக்கொண்டார். வெட்கம் வந்தால் அப்படித்தான் செய்வார். "எனக்குப் புடிச்சாப் போதுங்களா? அந்தப் புள்ளைக்கு என்னையப் புடிக்கோணுமில்லீங்க?"

'மாமா' என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"புடிக்கும் தம்பி," என்றாள். "ரொம்பப் புடிக்கும்."