ஊர்ப்பேர் சுமந்த பூச்சி

மூன்று நாளாக லிங்கராஜுக்கு இடது கெண்டைக்கால் வலி. சுமை தூக்கிய வலி அவனுக்குத் தெரியும். சூப்பர்வைசர் ஆவதற்கு முன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன்தான். இது அந்த வலியில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் குதிகால் தானாகத் தரையைத் தட்டியது. முட்டியை அழுத்திப் பிடித்தால் நிற்கும். கையை எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

மத்தியானம். லோடுமேன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மரம் அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் தகரக்கூரை வெயிலில் சடசடத்துக்கொண்டிருக்க, உப்பும் டீசலும் அறுத்த தேக்கின் தூளுமாக எப்போதும் வருகிற காற்றில் இன்று இன்னொரு வாசமும் கலந்திருந்தது. மஞ்சள் தண்ணீரில் நனைந்த வேப்பிலை. மேசைமேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் உள்ளங்கையகலச் சிலந்தி, மேலெல்லாம் மயிர், செத்துப் பதினேழு நாளாகிறது. காலையில் எட்டுக் காலும் வயிற்றுக்குள் மடங்கியிருந்தன. இப்போது ஒரு கால் நீண்டிருந்தது.

அதைக் கண்டெய்னருக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்தவன் பெருமாள். முழுப்பேர் சிவனணைந்தபெருமாள்; பத்து வருசமாக லிங்கராஜின் கீழ் மரம் இறக்கியவன். தென்னமெரிக்காவிலிருந்து தேக்கு வந்த கண்டெய்னர் அது. மரத்தோடு வரும் பூச்சிகளைக் கொல்ல உள்ளே விஷக்கேஸ் விட்டுப் பூட்டுவார்கள். பிறகு கதவைத் திறந்துபோட்டுக் காற்றாட விட்டு, கேஸ் இல்லையென்று மீட்டர் காட்டின பிறகே ஆள் ஏறலாம். அதுவரை கதவில் மண்டையோட்டுப் படத்தாள் ஒட்டியிருக்கும். அன்றைக்கு லாரி காத்துக் கிடந்தது, மீட்டர்க்காரர் மறுநாள்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். லிங்கராஜ் தாளைக் கிழித்தான். கதவைத் திறந்தான். பெருமாளிடம் ஏறுலே என்றான்; மற்றவர்கள் கீழே நின்று மரம் வாங்கினார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பெருமாள் ஒரு பலகைத் துண்டில் சிலந்தியை ஏந்திக்கொண்டு இறங்கினான். "அண்ணாச்சி, ஒங்க சம்பந்தி கப்பல்ல வந்திருக்காரு. காப்பிகூட கேக்காம தூங்குதாரு." எல்லாரும் சிரித்தார்கள். லிங்கராஜும் சிரித்தான். அது எதனால் செத்தது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் கிட்டங்கிக்குப் பின்னாலிருக்கும் சுடலை கோயிலில் கொடைத் திருவிழா. மேளம் ஏறுகிற நேரத்தில் பெருமாளுக்குக் கை வெட்டி இழுத்தது, கால் உதறியது, தலை சுழன்றது. அவன் சாமியாடுகிறவனே இல்லை. புதுசாகச் சாமி இறங்கியிருக்கிறது என்று கூட்டத்துக்குச் சந்தோசம். மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள், வேப்பங்குலையைக் கையில் திணித்தார்கள், மேளக்காரர்கள் அவனைச் சுற்றி நின்று அடித்தார்கள். கேஸ் ஏறிய உடம்பு என்று லிங்கராஜுக்குத் தோன்றியது. தோன்றியும் சூடத்தட்டை அவன்தான் ஏந்தி நின்றான். அரைமணி நேரம் ஆடிவிட்டுப் பெருமாள் விழுந்தான். ராத்திரியே செத்துப்போனான். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, பூச்சி கடித்துவிட்டது என்று லிங்கராஜ் சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

நேற்று, கிரேன் ஓட்டும் எஸ்றா செல்போனில் படித்துவிட்டு வந்து அந்தப் பூச்சியின் பேர் டாரண்டுலா என்றான். இத்தாலியில் டாரண்டோ என்று ஒரு துறைமுக ஊராம். அந்தப் பக்கத்துக் வயக்காட்டு வேலைச் சனங்கள் திடீரென்று உதறி ஆடினால் சிலந்தி கடித்ததென்று சொல்லி, ஆட்டம் நிற்கும்வரை மேளம் அடிப்பார்களாம். அந்த ஊர்ச் சிலந்தியின் விஷத்துக்கு அவ்வளவு வேகமில்லை என்று பின்னால் கண்டுபிடித்தார்களாம். அதற்குள் கப்பல்காரர்கள் வேறு தேசத்தில் பார்த்த மயிர்ச்சிலந்திக்கெல்லாம் அதே பேரை வைத்துவிட்டார்களாம். "இதுக்கும் அதுக்கும் ஒறவே கெடையாது அண்ணாச்சி. பேருன்னு சொல்லுதாங்க. பழியாக்கும் அது." சொல்லிவிட்டு எஸ்றா, கிட்டங்கிக்குள்ளேயே காலியாகக் கிடந்த அந்தக் கண்டெய்னரின் கதவைப் பார்த்தான். கிழித்த தாளின் ஒரு மூலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது வாசலில் நிழல் விழுந்தது. சண்முகத்தாய். பெருமாளின் பெண்டாட்டி. நேற்றுத்தான் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. புருசனைக் கொன்றதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். லிங்கராஜ் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். தேக்குக்கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"எங்கன கடிச்சுது அண்ணாச்சி? குளிப்பாட்டும்போது ஒடம்பு பூரா பாத்தேன். ஒரு தடங்கூட இல்ல."

அவன் வாயைத் திறந்தான். குதிகால் தட்டியது.

தட். தட்.

காலியான கண்டெய்னருக்குள்ளிருந்து பதில் வந்தது. இரும்புத் தரையில் வெறும் பாதம் மிதிக்கிற சத்தம். இவன் தட்டினால் அது தட்டியது. பிறகு அது முந்தியது. இவன் கால் அதன் பின்னால் போனது.

முட்டியை அழுத்தினான். நிற்கவில்லை. கை வெட்டியது.

பாட்டிலுக்குள் மூன்று கால் நீண்டிருந்தன. ஐந்து. எட்டு. எட்டும் கண்ணாடியில் ஊன்றி, சிலந்தி அவனைப் பார்த்து நின்றது.

எழுந்தான். எழுப்பியது எது என்று தெரியவில்லை. தலை சுழன்றது. இரும்பு அதிர்ந்தது. மேளம். மேளமேதான்.

சண்முகத்தாய் பாட்டிலைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். அவள் முகத்தில் பயமில்லை. கைகூப்பினாள்.

"வந்துட்டியளா?" என்றாள். "நீங்க எப்படிச் செத்திய? வாயத் தொறந்து சொல்லுங்க."

சாப்பிட்டுத் திரும்பிய லோடுமேன்கள் வாசலில் திகைத்து நின்றார்கள். அப்புறம் ஒருவன் மஞ்சள் கரைக்க ஓடினான். ஒருவன் வேப்பமரத்துக்கு. ஒருவன் தகர டின்னைக் கவிழ்த்துப்போட்டு அடிக்கத் தொடங்கினான். தலையில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தது. கண்டெய்னர் வாசலின் இருட்டில் ஒரு கை சூடத்தட்டை ஏந்தி அவனுக்கு நேரே நீட்டியது. அந்தக் கையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது.

அவன் ஆடினான். நாக்கு பல்லுக்குள் கிடந்து உதறியது. அவள் கூப்பிய கை தாழாமல் காத்திருந்தாள். அவளுக்கு அவன் கொடுக்க வேண்டியது இன்னும் பாக்கியிருந்தது: பூச்சி கடிக்கவில்லை, கதவைத் திறந்தது நான்.