மின்தடை நாளில் வந்த காற்று

மின்விசிறி ஓடவில்லை. ஆனால் பாண்டீஸ்வரியின் முகத்தில் காற்று பட்டது.

கரண்டு வந்துவிட்டது, எழுந்து மோட்டாரைப் போட வேண்டும் என்றுதான் அரைத் தூக்கத்தில் முதலில் தோன்றியது. பிறகுதான் காதில் விழாதவை ஒவ்வொன்றாக உறைத்தன. ஃப்ரிட்ஜின் முனகல் இல்லை, மாடிவீட்டு டிவி இல்லை, தெருமுனை மாவு மில்லின் இரைச்சல் இல்லை. பராமரிப்பு வேலை என்று காலையில் நிறுத்திய கரண்டு பொழுது சாயத்தான் வரும். வெறுந்தரையில் முதுகு ஒட்டிக் கிடக்க, மூலையில் கணவன் அருள்பாண்டி பூ மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட ஈரச்சாக்கின் வாடிய மல்லிகை வாடை மூக்கில் ஏற, அவள் கண்ணைத் திறக்காமலே அந்தக் காற்றைக் கவனித்தாள். வந்தது. நின்றது. வந்தது. விசிறினால் வருகிற காற்று.

கண்ணைத் திறந்தாள். யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. கதவில் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இடது கன்னம் வியர்வையில் நனைந்து கிடந்தது. வலது கன்னம் காய்ந்திருந்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவன் வந்ததும் இப்படித்தான். அவன் பெயரைத் தெருவில் யாரும் சொல்வதில்லை. நாளை எந்தப் பகுதியில் மின்தடை என்று பேப்பரில் பார்த்துக்கொண்டு, கரண்டு ஆபீஸ்காரனைப் போல ஒரு பையோடு வருவான். புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து போட்டுப் பெண்கள் தரையில் படுத்திருக்கிற வீடாகப் பார்த்து நுழைவான். தலைமாட்டில் உட்கார்ந்து காலண்டர் அட்டையால் மெதுவாக விசிறுவான். காற்றுப் பட்டதும் தூக்கம் இன்னும் ஆழமாகும். அதற்குப் பிறகு கழுத்தில் கை வைப்பான். மதுரையில் மூன்று பெண்கள் அப்படியே எழுந்திருக்காமல் போனார்கள்.

நான்காவதாக இவளிடம் வந்தான். கரண்டு வந்துவிட்டதென்று நினைத்து மோட்டார் போட எழுந்தவள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துவிட்டாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவேயில்லை. எதிர்வீட்டு பத்மாசினி தோசைக்கல்லோடு ஓடி வந்தாள். தெருவே சேர்ந்து அவனைக் கட்டிப் போட்டது.

வழக்கு நடந்த காலமெல்லாம் மின்தடை நாட்களில் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. போன வாரம்தான் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஜட்ஜ் கேட்டபோது அவன் பணிவாகச் சொன்னான்: "வேக்காட்டுல தூக்கமில்லாமக் கெடந்தாங்கய்யா. நான் தூங்க வச்சேன்."

இன்று காலை பத்மாசினி வாசலில் நின்று கேட்டாள்.

"பாண்டி, இனிமே தெறந்து போட்டுப் படுக்கலாம்ல? ஒன்னர வருசமா இட்லி மாதிரி வெந்து கெடக்கோம்டி."

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகள் காவ்யஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவன் ஜெயிலுக்குள்ள இருந்துக்கிட்டா நமக்கு விசிறப் போறான்?"

"தெறந்து போடுங்கக்கா. அதான் முடிஞ்சு போச்சுல்ல" என்றாள் பாண்டீஸ்வரி. அவள் சொன்ன வார்த்தையில் தெருவே கதவைத் திறந்தது. அவள் மட்டும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

இப்போது போனை எடுத்து, வழக்கை ஆரம்பத்திலிருந்து பார்த்த ஏட்டு சிவக்குமாரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவன் உள்ளதான இருக்கான்?"

"ஏம்மா, ஆயுள் தண்டனைக்காரன டீ குடிக்கவா வெளிய விடுவாங்ய? இரு, அங்கன நம்ம மாப்ள ஒருத்தன் டூட்டில இருக்கான். கேட்டுச் சொல்றேன்."

காத்திருந்தாள். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காற்று அங்கேயும் வந்தது. இப்போது நெற்றியில்.

போன் அடித்தது. சிவக்குமாரின் குரலில் பழைய கிண்டல் இல்லை.

"செல்லுலதான்மா கெடக்கான். காலைலருந்து தூக்கமாம். ரெண்டு பேரு போட்டு உலுக்கியும் எந்திரிக்கலயாம்."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்கண்ணே."

"கை மட்டும் ஆடிக்கிட்டே இருக்காம். வெறுங்கைதான். மேலயும் கீழயும். பிடிச்சு நிப்பாட்டுனாலும் நிக்கலயாம். நீ பயப்படாத, கதவச் சாத்திட்டுப் படும்மா."

"சாத்தித்தாண்ணே கெடக்கு."

தாழ்ப்பாளை இழுத்துத் தெருவுக்கு ஓடினாள். வெயில் கண்ணைக் குத்தியது. கொடியில் துணிகள் விறைத்துத் தொங்கின. வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. வரிசையாக எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது.

பத்மாசினி வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள். காவ்யஸ்ரீயின் நெற்றி முடி மெல்ல எழுந்தது. அடங்கியது. எழுந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை.

அடுத்த வீட்டைப் பார்த்தாள். அங்கே தூங்கியவளின் முந்தானை எழுந்து அடங்கியது. அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். தெரு முழுக்க ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் அடங்கியது.

"யக்கா! எந்திரிங்க! யக்கா!"

ஒருவரும் அசையவில்லை. உள்ளே பாய்ந்து காவ்யஸ்ரீயின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். அறைந்தாள். வயிற்றுக்குள் பிள்ளை மட்டும் உதைத்தது. புடவைக்கு மேலே தெரிகிற மாதிரி, விடாமல் உதைத்தது.

காற்று நின்றது.

காவ்யஸ்ரீ தூக்கத்திலேயே லேசாகச் சிரித்தாள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, முகவாயை உயர்த்தி, கழுத்தை முழுக்கக் காட்டிக்கொண்டு படுத்தாள்.

பக்கத்தில் பத்மாசினியும் முகவாயை உயர்த்தினாள்.