பெத்தவ கண்ணு

காலை எட்டு மணிக்குத் தேன்மொழியைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்து அமுதவல்லி இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மாக்காரி முகம் பார்த்தால் பிள்ளைக்கு ஆகாதாம். எட்டு மாதமாக அந்த வீட்டில் அதுதான் சட்டம். சுடர்விழி அடுப்படியில் நின்று, தான் பெற்ற மகளின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள்.

அமுதவல்லி சுடர்விழியின் கணவன் உதயசூரியனுக்கு அக்கா. தாயில்லாத தம்பியை வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். கடலைக் காட்டில் களை வெட்டி அவனை ஐடிஐ வரை படிக்க வைத்தவள். அதனால் அவள் சொல்லுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. நல்ல மனுஷிதான், இல்லை என்று யார் சொன்னது? நல்லவர்கள் செய்கிற கொடுமையை எங்கே போய்ச் சொல்வது என்பதுதான் சுடர்விழிக்குத் தெரியவில்லை.

மூத்தவன் நிலவன் வளர்ந்தபோது இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. அவன் குப்புற விழுந்தது, சுவரைப் பிடித்து எழுந்தது, பழத்தைப் ‘பயம்’ என்று கேட்டது என்று ஒன்றுவிடாமல் பார்த்துப் பூரித்தவள் அவள். காலையில் எழுந்தால் நேற்றைவிட இன்று என்ன புதிதாகச் செய்யப்போகிறான் என்று காத்திருப்பாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக வேறு எதையும் அவள் கேட்டதில்லை. தேன்மொழிக்கும் மூன்று வயது வரை அப்படித்தான் போனது.

மூன்றாவது பிறந்தநாளில் புதுக் கவுன் போட்ட மகளைப் பக்கத்தில் நிறுத்தி, இடுப்பு உயரம் வந்துவிட்டாளே என்று வாய்விட்டுச் சொல்லி முத்தமிட்டாள். அன்று சாயங்காலமே பிள்ளை வாசற்படியில் தடுக்கி விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டது. அமுதவல்லி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியே வரவில்லை, கண் பட்டதற்கு அதுதான் சாட்சியாம். ஊர்க் கண்ணைவிடப் பெற்றவள் கண்தான் பொல்லாதது, அதிலும் பேரிலேயே விழியை வைத்திருக்கிறவள் என்று முடிவு கட்டிவிட்டாள். அதன் பிறகு குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை பின்னுவது எல்லாம் அத்தைக்காரி கைக்குப் போனது.

ஒரு தாய் தன் பிள்ளையைத் திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டியிருந்தது. கொடியில் காயும் சேலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். அப்படிப் பார்த்ததில்தான் ஒன்று தட்டுப்பட்டது. எதைப் பார்க்கவும் பிள்ளை முகத்தை இடது பக்கம் திருப்பி, வலது கண்ணால்தான் பார்த்தது. இடித்துக்கொள்வதும் இடது பக்கமாகவே இருந்தது. போன வாரம் அமுதவல்லி ரேஷன் கடைக்குப் போன நேரத்தில், விளையாட்டுப்போல மகளின் இடது கண்ணைப் பொத்தினாள். பிள்ளை சிரித்தது. வலது கண்ணைப் பொத்தினாள். சிரிப்பு நின்று, “அம்மா எங்க?” என்று கையால் துழாவியது. அம்மா எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்.

உதயசூரியனிடம் சொன்னாள். அக்கா மனசு நோகும், கடலை பிடுங்கி முடியட்டும் என்று அவன் தள்ளிப்போட்டான்.

இன்றைக்கு இட்லி தின்று எழுந்த பிள்ளை இடப்பக்கம் இருந்த குடத்தில் மோதி விழுந்தது. புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. ஓடி வந்த சுடர்விழியை அமுதவல்லி கை நீட்டித் தடுத்தாள்.

“கிட்ட வராத. அங்கிட்டு நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்த? பெத்த புள்ளைய நீயே தின்னுப்புடாதடி.”

“தள்ளுங்க அண்ணி.” அந்தக் குரல் சுடர்விழிக்கே புதிதாக இருந்தது. “எட்டு மாசமா வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். எம் மக எப்பப் பாட்டுப் படிக்கக் கத்துக்கிட்டா, எப்பத் தானா செருப்பு மாட்டுனா, எதுவும் எனக்குத் தெரியாது. அது போகட்டும். அவளுக்கு ஒரு கண்ணு தெரியல. மடியில வச்சு ஊட்டுற ஒங்களுக்கு அது தெரிஞ்சுச்சா?”

உதயசூரியன் அக்காவிடம் இப்படியா பேசுவது என்று ஆரம்பித்தான். பேச வேண்டிய நாளில் பேசாதவர் இப்போதும் பேச வேண்டாம் என்று அவனையும் அடக்கினாள். பிள்ளையின் புருவத்தில் துணியை வைத்து அழுத்தியபடி ஆலங்குடிக்கு நடந்து, புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். பின் வாசல் வழியாக அமுதவல்லியும் ஏறினாள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் இவள் கட்டிவிட்ட கதை என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு மருந்து வைத்துவிட்டு, கண் டாக்டரம்மா ஒவ்வொரு கண்ணாக மூடிப் படம் காட்டினாள். வலது கண்ணை மூடியதும் பிள்ளைக்கு யானையும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை. அமுதவல்லியின் முகம் வெளுத்தது. இடது கண்ணில் பவர் மிக அதிகம், அந்தக் கண் பார்க்கவே பழகவில்லை என்றாள் டாக்டர். பார்வையும் பிள்ளையோடு சேர்ந்து வளர்கிற ஒன்றுதானாம். ஏழெட்டு வயதுக்கு மேல் மீட்பது கஷ்டமாம். இப்போதே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்தால் தேறிவிடும் என்று தைரியம் சொன்னாள். இவ்வளவு சீக்கிரம் இதைக் கவனித்தது யார் என்றும் கேட்டாள்.

சுடர்விழி அமுதவல்லியைத் திரும்பிப் பார்த்தாள். சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று இருந்தாள்.

“பெத்தவதாங்க பாத்தா,” என்றாள் அமுதவல்லி. “நான் பாக்க விடாம மறிச்சும் பாத்தா.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் உடைந்து அழுதாள். “எனக்கு அடுத்து ஒருத்தன் பொறந்தான் சுடரு. காய்ச்சல்ல போயிட்டான். ஆத்தா கண்ணு பட்டுத்தான் போனான்னு ஊரே சொல்லுச்சு. அதக் கேட்டுக் கேட்டே ஆத்தாவும் போயிருச்சு...”

“அந்தப் பழியத்தான அண்ணி எந் தலையிலயும் ஏத்துனீங்க?”

அமுதவல்லி கையெடுத்துக் கும்பிடப்போனாள். சுடர்விழி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கோபம் ஆறவில்லை, போன எட்டு மாதம் இனி வரப்போவதும் இல்லை. ஆனாலும் தம்பிக்காக வாழ்க்கையையே விட்டவளைக் கும்பிட வைத்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

நல்ல கண்ணில் ஒட்டுப் போட்ட பிள்ளை வீறிட்டு அழுதபடி காற்றில் கையை நீட்டியது. அமுதவல்லி அவளைத் தூக்கிச் சுடர்விழியின் மடியில் வைத்தாள்.

“ஒம் புள்ளைய நல்லாப் பாருத்தா. கண்ணு நெறையப் பாரு.”

தேன்மொழி அம்மாவின் கன்னத்தைப் பிடித்து, மூக்கோடு மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டத்தில் வந்தாள். இடது கண்ணைச் சுருக்கி வெகுநேரம் தேடினாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, “அம்மா, நீ அழுவுற,” என்றாள்.