பன்னிரண்டாவது கவசம்

பன்னிரண்டாவது வீரனின் இடது தோள் சிவப்பாக மின்னியது. பெயிண்ட் அடிப்பவன் இன்னும் அதில் பிரஷ்ஷையே வைக்கவில்லை.

கட்டைவிரல் உயரப் பொம்மை. மேசையில் மற்ற பதினோரு பேரும் ஆளுக்கொரு பாட்டில் மூடியில் கால் ஒட்டப்பட்டு, முழுக் கவசத்தில் காய்ந்துகொண்டிருந்தார்கள். இவன் மேல் சாம்பல் அடிப்பூச்சும், அதற்கு மேல் இளஞ்சிவப்பும் மட்டும்தான் இருக்க வேண்டும்.

தெறித்திருக்கும் என்று நினைத்தான். ஆனால் தெறித்த பெயிண்ட் இப்படி விளிம்பு பிசகாமல் உட்காராது. பூதக்கண்ணாடியை இழுத்துப் பார்த்தான். ஒரே இழுப்பு. பிரஷ்ஷின் தடம்கூடத் தெரியவில்லை. அப்படி ஒரு சிவப்பை அவன் வாழ்நாளில் பூசியதில்லை.

பளீரென்ற சிவப்புக்காக மூன்று மாதமாக அல்லாடியவன் அவன். கறுப்பின் மேல் பூசினால் செங்கல்லாக மங்கும். வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலந்தால் ரோஜா நிறத்துக்கு ஓடிவிடும். அதனால்தான் சாம்பல், பிறகு இளஞ்சிவப்பு, அதற்கு மேல் தண்ணீராகக் கரைத்த சிவப்பு நான்கு முறை. ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. பள்ளங்களில் அடர்பழுப்பு, விளிம்புகளில் ஆரஞ்சுக் கோடு. எல்லாம் முடிந்தபின் தலைக்கவசத்தின் கண் இடுக்கை அடர்பழுப்பால் நிரப்பி மூடுவான். உள்ளே ஆள் இருப்பதுபோல் தெரிந்துவிடக் கூடாது.

ஐந்து மணிக்கு, பொம்மைகளை ஆர்டர் கொடுத்த ஸ்டூடியோக்காரர் வருவார். பன்னிரண்டும் ஒரே சிவப்பில் இருந்தால், அங்கே பெயிண்ட் பிரிவுக்கு அவன்தான் தலைவன். இந்த ஸ்டோர் ரூமிலிருந்து ஒருவழியாக விடுதலை.

போன முறை டீ குடிக்க வெளியே போய் வந்ததில், ஈர வார்னிஷ்ஷில் ஒரு முடி ஒட்டிக்கொண்டு எல்லாம் பாழானது. அதனால் இன்று ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஃபேனை நிறுத்தி, மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

"வெளிய தாழ்ப்பாள் போட்டுடு. நானே கெஞ்சினாலும் தொறக்காத. 'காஞ்சிடுச்சு'ன்னு என் வாயால சொன்னாத்தான் தொறக்கணும்."

"டீக்குக் கெஞ்சினா?"

"அப்பவும்தான்."

"எங்கப்பா கல்யாணத்துக்கு முன்னாடி ஊரெல்லாம் விசாரிச்சாரு. மாப்பிள்ளை பிரஷ்ஷை நக்குவாரான்னு மட்டும் கேக்காம விட்டுட்டாரு," என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். கதவின் அடி இடுக்கில் ஈரத்துணி திணிக்கப்படும் சத்தம் கேட்டது.

அது மூன்று மணிக்கு. இப்போது நாலு.

அவன் பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசி, கண்ணாடி டம்ளரின் விளிம்பில் வழக்கம்போல் மூன்று முறை தட்டினான். டிங், டிங், டிங். முனை கூராக வாயில் வைத்து எடுத்து, அந்தத் தோளுக்குப் பக்கத்திலேயே மார்புக் கவசத்தில் ஒரு கோடு இழுத்தான். மங்கல். பக்கத்தில் இருந்த சிவப்பு அவனைக் கேலி செய்தது. துடைத்துவிட்டு, கலவையைச் சரிசெய்யக் குனிந்தான். நிமிர்ந்தபோது பொம்மையின் மார்பு முழுவதும் அதே பளீர்ச் சிவப்பு.

அவனுக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, பொறாமைதான்.

மூடிய அறையில் வார்னிஷ் நெடியும் அவனுடைய வியர்வை வாசமும் கலந்து தொண்டையில் தேங்கின. பிளாஸ்டிக் தாளுக்கு வெளியே வெயில் ஒரு அழுக்கு மஞ்சளாகக் கசிந்தது. சமையலறையில் அவள் ஏதோ பாத்திரத்தை இடம் மாற்றும் சத்தம் வெகுதூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது. இடது முழங்கையருகே சில்லென்றது. பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

கட்டைவிரலால் தேய்த்தான். போகவில்லை. அந்த இடத்தில் முடி இல்லை. தோலின் சுருக்கம்கூட இல்லை. நகத்தால் தட்டினான். டொக் என்றது.

திட்டு மணிக்கட்டுக்கு இறங்கியது. முழங்கையருகே அதன் நடுவில், நிதானமாக, இளஞ்சிவப்பு படரத் தொடங்கியது.

சாம்பல். இளஞ்சிவப்பு. அடுத்தது என்னவென்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவுக்கு ஓடினான்.

"இந்தா, கதவைத் தொற."

செருப்புச் சத்தம் நெருங்கியது. "காஞ்சுதா?"

"இல்ல, அது இல்ல. நீ மொதல்ல தொற."

"காயலன்னா தொறக்கக் கூடாதுன்னு ஆர்டர். போட்டவரே மீறலாமா?"

"விளையாடாத. கையில என்னமோ..."

"ஒரு தடவ இப்படித்தான் தேள் கடிச்சுதுன்னு ஏமாத்தினீங்க. போங்க, போய் பொம்மையப் பாருங்க." செருப்புச் சத்தம் விலகியது.

ஒரே ஒரு பொய் போதும். காஞ்சிடுச்சு என்று சொன்னால் திறந்துவிடுவாள். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை? அவன் வாயைத் திறக்கப் போனான்.

வாய் திறக்கவில்லை.

உதடுகள் இருந்த இடத்தில் ஒரு வழவழப்பு. கையைத் தூக்கப் பார்த்தான். பாதி வழியில் நின்றது. கால் நகரவில்லை. கீழே பார்க்க முடியவில்லை, ஆனால் பாதங்களுக்கு அடியில் பசை இறுகுவது தெரிந்தது. வட்டமான, பள்ளமான ஏதோ ஒன்றின் மேல் நின்றிருந்தான்.

கதவில் அவன் கண்ணுக்கு நேரே இருந்த ஆணி எங்கே? மேலே. மிக மேலே. கதவு சுவர்போல் ஏறிக்கொண்டே போனது.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

யாரோ உட்காருகிறார்கள்.

டிங். டிங். டிங்.

உதட்டில் பிரஷ் முனையை இழுக்கும் சின்னச் சத்தம்.

பிடரியில் ஈரம். குளிர்ந்த, மெல்லிய, அவசரமில்லாத இழுப்பு. முதுகுவரை. பிறகு ஒன்றுமில்லை. அது ஏன் நின்றது என்று அவனுக்குப் புரிந்தது. காய்வதற்காக.

இரண்டாவது.

மூன்றாவது.

நான்காவது. பிறகு விளிம்புகளில் ஊசிபோல் ஒரு கோடு. எதிரே இருந்த கதவு ஒரு கீற்றாகக் குறுகியது. நெற்றிக்கு மேலும் கன்னத்துக்குக் கீழும் இருட்டு. நடுவில் மட்டும் ஒரு கோட்டளவு வெளிச்சம்.

"காஞ்சிடுச்சு. தொற."

சத்தம் நாற்காலியிலிருந்து வந்தது. குரல் அவனுடையது.

தாழ்ப்பாள் விலகியது. அவள் வாசலில் நின்று அவன் தலைக்கு மேலாக அறைக்குள் பார்த்தாள். பிறகு குனிந்தாள்.

"ஏங்க, இது எப்படிக் கதவுகிட்ட வந்துச்சு?"

"உருண்டு விழுந்திருக்கும். மூடியப் புடிச்சுத் தூக்கு, கவசத்துல கை படாம."

தரை கீழே போனது. அவன் சொல்லிக்கொடுத்தபடியே அவள் சுண்டுவிரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். அந்த விரல் அவன் தோளை முழுவதுமாக மறைத்தது. அவன் கத்தினான். உள்ளே, கவசத்துக்குள் மட்டும் அது சுற்றிச் சுற்றி வந்தது.

"லேசா ஒட்டுதே."

"மத்ததெல்லாம் காஞ்சிடுச்சு. இதுக்குக் கண்ணு மட்டும்தான் பாக்கி."

வரிசையில் பதினோராவது வீரனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் அவனை வைத்தாள். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன சிவப்புங்க. இதுக்குத்தானே மூணு மாசமா உயிரை விட்டீங்க."

"ஆமா. டீ போடு. அவர் வந்துடுவாரு."

அவள் போனாள். எதிரே நாற்காலியில் அவனுடைய சட்டை. மூன்றாவது பட்டனுக்கு மேல் பார்வை எட்டவில்லை. இடது தோள் குனிந்தபோதுதான் தெரிந்தது. அங்கே துணியில் ஒரு சிவப்பு இழுப்பு, விளிம்பு பிசகாமல்.

வாசலில் காலிங் பெல் அடித்தது. "உள்ள வாங்க சார், முடிச்சிட்டாரு," என்றாள் அவள்.

டிங். டிங். டிங்.

கூரான முனை, அடர்பழுப்பு சொட்டாமல் நிறைந்து, வெளிச்சக் கோட்டின் இடது ஓரத்தில் வந்து நின்றது. பிறகு நிதானமாக வலப்பக்கம் நகரத் தொடங்கியது.