அண்ணன் முகத்தை மறைத்த பாறை

கடலடியில் பேனர் கட்ட ஆரம்பித்த அன்றே பிலோமினாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தூத்துக்குடிக்குக் கிழக்கே, வெயில் எட்டாத ஆழத்தில், சேறும் பாறையும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக இசக்கிராஜா அண்ணன் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். 'ஆழ்கடலின் அதிபதியே' என்று கீழே எழுத்து. எழுத்து விட்டு விட்டு மினுக்கியது. அதுவும் போதாதென்று, வாயில் ரோஜா மாலையைக் கவ்விக்கொண்டு சுறாக்கள் அவரை வலம் வந்தன.

நிஜக் கடலில் இந்தக் கண்றாவி எதுவும் கிடையாது. ஆழ்களத்தில்தான் இருந்தது. ஆனால் பிலோமினாவின் வேலைக்கு ஆழ்களம்தான் கடல்.

ஆழ்களம் ஒரு காலத்தில் பையன்கள் விளையாடிய நீர்மூழ்கி விளையாட்டு. நீரோட்டம் இழுப்பது, அழுத்தம் ஏறுவது, சேறு கிளம்புவது எல்லாம் அதில் அச்சு அசலாக இருந்தன. கடலடிக் குழாய்களைப் பழுதுபார்க்கும் நிறுவனம் அதையே வாங்கி, தன் மூழ்குபடகுகளுக்குக் கண்ணாக வைத்துவிட்டது. படகில் சன்னல் கிடையாது. இருந்தாலும் வெளியே இருட்டுதான். படகின் எதிரொலிமானி ஒலியை அனுப்பி, மோதித் திரும்புவதைக் கேட்கும். ஆழ்களம் அதைப் பாறையாகவும் குழாயாகவும் வரைந்து காட்டும். அந்தப் படத்தைப் பார்த்துக் கரையிலிருந்து படகை ஓட்டுபவளுக்குக் கரையோட்டி என்று பெயர். உள்ளே போகிறவர் இயந்திரக் கையால் பழுதுபார்ப்பதோடு சரி. பிலோமினா ஓட்டும் படகில் உள்ளே இருந்தது அவள் புருஷன் செலஸ்தீன்.

விளையாட்டை வாங்கியவர்கள் அதன் வியாதியையும் சேர்த்தே வாங்கிவிட்டார்கள். ஆழ்களத்தில் யார் வேண்டுமானாலும் ஒட்டு போடலாம். ஒட்டு என்பது மூலக் களத்தின் மேல் கொண்டுபோய் ஒட்டவைக்கும் சேர்க்கை. முதலில் யாரோ கலங்கல் தண்ணீரைக் கண்ணாடி மாதிரித் தெளியவைத்தான். கண்ணுக்கு நன்றாக இருந்தது. அடுத்தவன் பவளப்பாறை போட்டான். அதற்கடுத்தவன் பிரியாணிக் கடை விளம்பரம் போட்டான். பிறகு பேனர் வந்தது. ஒருவன் பேனர் கட்டினால் எதிர்க்கோஷ்டி சும்மா இருக்குமா? எவன் வைத்ததையும் எவனும் கழற்றத் துணியாததால், கைக்கு அடக்கமாக இருந்த ஆழ்களத்தின் கணினிக் கோப்பு வீங்கிப் பெருத்து, ஒரு முறை திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்ற நிலைக்குப் போனது.

வீங்கினால் போகட்டும், சேமிக்க இடமா இல்லை? உண்மையான வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். ஒவ்வொரு சுறாவின் நிழலும் எங்கே விழும், ஒவ்வொரு ரோஜா இதழும் எப்படி அசையும் என்று கணினி உட்கார்ந்து கணக்குப் போடும். அதையெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் படகு எங்கே இருக்கிறது என்று காட்டும். அதற்குள் படகு வேறெங்கோ போயிருக்கும்.

இசக்கிராஜா குழாய்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். அவருடைய பிறந்தநாள் அன்று காலையில், செலஸ்தீன் கடல்நீர்க் குழாயின் மூட்டு ஒன்றை இறுக்கக் கீழே போயிருந்தபோது, ஆழ்களத்தில் பூமழை கொட்டத் தொடங்கியது. மேளச் சத்தம் வேறு.

"ஏட்டி, என்ன இப்பிடித் திருப்புத? படகு குலுங்குது," என்றான் செலஸ்தீன் ஒலிபெருக்கியில்.

"நான் எப்பவோ திருப்பிட்டேன். படம் இப்பத்தான் நகருது. இங்க பூ கொட்டுது."

"பூவா?"

"ஒங்க அண்ணனுக்குப் பொறந்தநாளாம்."

"அட, ஆமால்ல," என்று அவன் சிரித்தான். செலஸ்தீன், இசக்கிராஜாவின் தீவிர விசுவாசி. சிரிப்பு பாதியில் நின்றது. "பிலோமி, பின்னால ஏதோ உரசுது."

திரையில் படகுக்குப் பின்னால் தெளிந்த நீலத் தண்ணீரும் பேனரும் மட்டுமே இருந்தன. பிலோமினா அந்த வழியில் பலமுறை ஓட்டியவள். குழாய்க்குப் பக்கத்தில் கூன் விழுந்தாற்போல் ஒரு பாறை நிற்க வேண்டும். நிற்கவில்லை.

சங்கத்துச் செயலாளர் மரிய விக்டர் அப்போதுதான் கட்டுப்பாட்டு அறைக்குள் லட்டுத் தட்டோடு நுழைந்தான்.

"இங்க ஒரு பாறை இருந்துச்சே, என்னாச்சு?" என்று கேட்டாள்.

"அதுவாக்கா? அண்ணன் மொகத்துல பாதிய மறச்சிச்சு. எடுத்துட்டோம்." பெருமையாகச் சொன்னான்.

"கடல்ல இருந்தா எடுத்தீங்க?"

"படத்துல இருந்துக்கா. அந்த எடத்துல எதிரொலி வந்தா வரையாதன்னு ஒட்டுலயே சொல்லி வச்சிருக்கோம். லட்டு எடுங்க."

அந்த லட்டை அவன் மூஞ்சியிலேயே அப்பலாம்போல இருந்தது பிலோமினாவுக்கு. மனுஷன் உயிரோடு போய்வருகிற வழியில், ஒருவரின் மூக்கும் மீசையும் தெரிவதற்காகப் பாறையை இல்லையென்று சொல்லிவிட்டு வந்து இனிப்பு நீட்டுகிறான். சே, என்ன பிறவிகள்.

"வாலு மாட்டிக்கிச்சு. தண்ணி கசியுது பிலோமி." செலஸ்தீனின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

அவள் மேற்பார்வையாளர் பாஸ்கல் மோத்தாவைக் கூப்பிட்டாள். "சார், வெறுங்களம் போடணும். கை வைங்க." ஒட்டுகள் எல்லாவற்றையும் உதறிவிட்டு மூலக் களத்தை மட்டும் காட்டுவது வெறுங்களம். மேற்பார்வையாளரின் விரல் பட்டால்தான் அது திறக்கும்.

மோத்தா கடித்த லட்டோடு வந்தார். "எல்லா ஒட்டும் போயிருமேம்மா. பொறந்தநாளும் அதுவுமா அண்ணன் படத்த அணைச்சம்னா நாளைக்கு ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான்."

"உள்ள இருக்கது என் புருசன் சார்."

"எனக்குத் தெரியாதா? ஒரு போன் போட்டு அண்ணன்ட்ட கேட்டுக்கிடுதேன். கோவிச்சுக்க மாட்டாவ." உண்மையாகவே போனை எடுத்தார்.

பிலோமினா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். விரல் முழுக்க லட்டு நெய். அதைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்து, விசையின் மேல் வைத்து அமுக்கினாள். அவர் ஏதோ சொன்னார், அவள் காதில் விழவில்லை.

சுறாக்கள் போயின. பூ போனது, மேளம் போனது, அண்ணன் போனார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள் மட்டும், குழந்தை கிறுக்கியது மாதிரி. பார்க்க அசிங்கம்தான். ஆனால் கை அசைந்த கணமே கோடும் அசைந்தது. கூன் விழுந்த பாறை இருந்த இடத்திலேயே இருந்தது. படகின் வால் அதற்கும் குழாய்க்கும் நடுவில் செருகியிருந்தது. பிலோமினா மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னே, கொஞ்சம் இடது பக்கம் என்று நெம்பி நெம்பி அதை வெளியே எடுத்து, மேலே கொண்டுவந்து சேர்த்தாள். செலஸ்தீன் முழங்கால்வரை நனைந்து, பல் கிட்டிப்போய் வெளியே வந்தான். அவனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

இதோடு புத்தி வரும் என்று அவள் நம்பினாள். மறுநாள் இசக்கிராஜாவே நேரில் வந்து, "என் தம்பி உயிரக் காப்பாத்துன தங்கச்சி," என்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்; பாறையைப் படத்தில் திரும்ப வைக்கவும் சொன்னார். அன்று மாலையே அலுவலகத்தில் ஓர் உத்தரவு ஒட்டினார்கள். தொண்டர்கள் மனம் புண்பட்டுவிட்டதாம். இனிமேல் வெறுங்களம் போடுவதென்றால் சங்கத்தின் சம்மதம் வேண்டுமாம். மேற்பார்வையாளரின் விரல் மட்டும் போதாது. பிலோமினா அதைப் படித்துவிட்டு, சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னாள்.

அடுத்த வாரம், பாதியில் விட்ட குழாய்மூட்டை இறுக்கச் செலஸ்தீன் மறுபடியும் இறங்கினான். குழாயை நெருங்கும்போது திரை திக்கியது. பூமழை. இந்த முறை சுறாக்களோடு டால்பின்களும் இருந்தன. நடுவில், அண்ணனைவிட ஒரு பங்கு பெரிதாக, பிலோமினா நின்றாள். 'ஆழ்கடல் காத்த அன்னையே' என்று எழுதியிருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் கை தானாகப் போய்ப் படத்தைப் பெரிதாக்கியது. கழுத்தடிச் சதையை எடுத்துவிட்டிருந்தார்கள். நிறமும் ஒரு மாற்றுக் கூடியிருந்தது. மூக்குத்தி நன்றாக எடுத்துக் கொடுத்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படிப் பார்க்கிறோம் என்பது உறைத்தபோது தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"வந்துட்டா? பாத்தியா?" என்றான் செலஸ்தீன் கீழேயிருந்து, குதூகலமாக. "கல்யாணப் போட்டோவ நாந்தான் குடுத்தேன். பெருசாப் போடச் சொன்னேன்."

பிலோமினா திரை முழுக்கத் தேடினாள்.

"ஏங்க, அந்தப் பாறை எங்க?"

"அத எடுக்கச் சொல்லிட்டேன். ஒன் மொகத்த மறச்சிச்சு."

அவள் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் படகு அந்தப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. பிலோமினா படகை முழு வேகத்தில் பின்னுக்கு இழுத்தாள். திரையில் பூ கொட்டியது. அவள் முகம் சிரித்துக்கொண்டு, ஓர் அங்குலம்கூட நகராமல் அப்படியே நின்றது.