ஷெர்லி அட்டை

மாலை 4.10. அலமாரியின் கடைசி இழுப்பறை காலியாகக் கிடந்தது. 'ஷ' எழுத்தின் நாற்பத்து மூன்று அட்டைகளில் ஒன்றுகூட இல்லை.

4.12. பதிப்பாசிரியர் வாசல் ஷட்டரை உள்ளிருந்து இழுத்துப் பூட்டினார். "அட்டை கிடைக்கிற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது."

ஆங்கிலப் பெண் பெயர்களின் பிறப்பையும் பொருளையும் சொல்லும் அகராதி அது, பெயருக்கு ஓர் அட்டையாக. ஆறு வருட உழைப்பு. மற்ற எழுத்துகளெல்லாம் அச்சுக்குப் போய்விட்டன. 'ஷ' நாளைக் காலை போக வேண்டும். போனால் வேலை முடிந்தது, அலுவலகத்தையும் மூடிவிடுவார்கள்.

உள்ளே நான்கே பேர். பதிப்பாசிரியர், மெய்ப்புத் திருத்தும் அண்ணன், தட்டச்சு அக்கா, அட்டைகளுக்குப் பொறுப்பான இளம்பெண். எதையும் மணி போட்டு நோட்டில் எழுதிவைப்பதால் அவளுக்கு 'கடிகாரம்' என்று பெயர். ஜன்னல்களுக்குக் கம்பி. மின்விசிறி அதே வெக்கையைச் சுற்றிச் சுற்றித் தள்ளியது.

இழுப்பறைக்கு ஒரே சாவி. அது அவளிடம்.

"சாவி உங்கிட்ட. அட்டை காணோம். திருடி யாருன்னு நான் வேற தேடணுமா?" என்றார் பதிப்பாசிரியர். "ஆறு மணிக்குப் போலீஸைக் கூப்பிடுவேன்."

அவள் நோட்டைப் பிரித்தாள். '2.00: சார் தந்த மாற்று அட்டையை உள்ளே வைத்துப் பூட்டினேன். 2.40: கை கழுவப் போனேன். 2.46: திரும்பினேன்.' சாவியை மேஜையிலேயே விட்டுப் போனோமோ? அதை மட்டும் எழுதவில்லை.

4.50. பைகளை உதறியாயிற்று. ஒன்றுமில்லை.

"அண்ணே, ரெண்டே முக்காலுக்கு எங்க இருந்தீங்க?" என்றாள் கடிகாரம்.

"இதே நாற்காலியில. அந்த இழுப்பறைப் பக்கம் போயே ஒரு மாசமாச்சு."

"அக்கா?"

"இந்த மெஷினை விட்டு எந்திரிச்சா என் முதுகு கூடவே வராது, உனக்குத் தெரியாதா? 'ஷ' அட்டைங்களை நான் அடிச்சது போன மாசம். அதோட சரி."

5.20. கடிகாரம் ஒரு வெள்ளை அட்டையை எடுத்தாள். "நினைவுல இருக்கிறதை வச்சுத் திரும்ப எழுதிப் பார்ப்போமே. அக்கா, ஷெர்லி?"

"அதுவா? பழைய ஆங்கிலத்துல 'வெளிச்சமான காட்டுவெளி'. மொதல்ல ஊர்ப்பேரு. அப்புறம் குடும்பப் பேரு. ஆம்பளைங்களுக்குக்கூட வச்சாங்களாம். ஒரு நாவல்ல கதாநாயகிக்கு வச்ச பிறகுதான் பொண்ணுங்க பேராச்சு."

"பின்பாதி சரி," என்றார் அண்ணன், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி. "ஆனா காட்டுவெளி இல்ல. நாணல் ஓடை. நாலு வருஷமா அடிக்கிற, இன்னும் கோட்டை விடுறியே!"

அட்டையின் மேல் அவள் பேனா நின்றது.

பதிப்பாசிரியர் மெல்ல நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அண்ணே," என்றாள். "அக்கா சொன்னதுதான் சரி. நாணல் ஓடை சாரோட கற்பனை. ஒவ்வொரு எழுத்தும் அச்சுக்குப் போறதுக்கு முன்னால ஓர் அட்டையில வேணும்னே பொய் எழுதி வைப்போம். அது அச்சாகுறதுக்குள்ள எவனாவது அட்டைங்களைக் காப்பியடிச்சு வித்தா அந்தப் பொய்யே காட்டிக் கொடுக்கும். கடைசிப் பார்வையில சாரே எடுத்துருவாரு. எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த நாணல் ஓடை இழுப்பறைக்குள்ள போனது இன்னைக்கு ரெண்டு மணிக்குத்தான். ஒரு மாசமா அதைத் திறக்காத நீங்க எப்படிப் படிச்சீங்க?"

பக்கத்தில் ஒருவர் தவறாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க அண்ணனால் முடியாது. இருபத்தெட்டு வருடப் பழக்கம்.

5.31. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலித் திண்டின் உறைக்குள் நாற்பத்து மூன்று அட்டைகளும் இருந்தன. அவள் மேஜையில் விட்டுப்போன சாவியால் எடுத்தவர், கண் பழக்கத்தில் ஒவ்வொன்றையும் படித்தும் பார்த்திருக்கிறார்.

"விக்கிறதுக்கு எடுக்கல," என்றார். "இது போகலன்னா, திரும்ப எழுதி முடிக்கிற வரைக்கும் இன்னும் ஆறு மாசம் ஆபீஸ் ஓடும். அம்பத்தி ரெண்டு வயசுல என்னை எவன் சேர்த்துப்பான்? நாளையிலேர்ந்து உனக்கும் இதே கதிதான், கடிகாரம். தெரியுமில்ல?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா?"

அவள் அட்டைகளை எண்ணி அடுக்கினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா உங்களுக்குப் பொறுக்கல. சார் என்னைத் திருடின்னாரே, அதை மட்டும் ஏன்ணே திருத்தல?"