குட்டை முன்னால்!

டெலிபோன் அலறியது!

நெரிடா துள்ளிய துள்ளலில், ஸ்க்ரூ முறுக்கக் கையில் வைத்திருந்த ஆலன் கீ நழுவி, டீக் கோப்பையில் 'ணங்' கென்று மோதியது.

சமையலறை மேஜை மேல் அவளுடைய துப்பாக்கி பாகம் பாகமாகக் கிடந்தது. குழல் ஒரு பக்கம். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஒரு பக்கம். குழலைத் தாங்கித் தோளில் அணைக்க, தபாலில் வந்திருந்த புத்தம்புதுக் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை நடுவில். கழற்றிப் போட்ட பழைய வால்நட் மரக்கட்டை நாற்காலியில். சுடும்போதெல்லாம் அவள் தோளைக் கன்றிப் போக வைத்த சனியன் அது.

அப்புறம் குழலையும் கட்டையையும் இணைக்கிற இரண்டு ஸ்க்ரூக்கள். ஒன்று நெட்டை. ஒன்று குட்டை.

பக்கத்தில், புருஷன் க்ளைவ் காலையில் கிறுக்கி வைத்துவிட்டுப் போன சீட்டு.

'குட்டை முன்னால்! இந்தத் தடவையாவது மறக்காதே, மண்டு!'

ரிசீவரை எடுத்தாள்.

"நெரிடாவா? சார்ஜென்ட் டெஸ்மண்ட் பேசறேன். க்ளைவ் இருக்கானா?"

"ஆடு விக்க லான்செஸ்டன் போயிருக்கான். என்ன சார்ஜென்ட், குரலே சரியில்லையே?"

"முதல்ல கதவைத் தாழ் போடு. ஹோபன்னு ஒரு கொலைகாரன்... சிறைக்குக் கொண்டு போற வழியில தப்பிச்சுட்டான். உங்க ஏரிப் பக்கம்தான் கடைசியா பார்த்திருக்காங்க."

"ஐயோ!"

"பயப்படாதே. அரைமணி நேரத்துல நான் வந்துடறேன். என் கான்ஸ்டபிள் ஒருத்தன் அந்தப் பக்கம்தான் ரோந்துல இருக்கான்..."

லைன் செத்தது.

நெரிடா ஓடிப்போய்த் தாழ் போட்டாள்.  பக்கத்து வீடு ஆறு கிலோமீட்டர். இடையில் ஆடுகளும் மலைக்காடும்தான்.

டொக்... டொக்... டொக்!

"யாரு?"

"போலீஸ்மா!"

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நீலச் சட்டை, தொப்பி, பேட்ஜ். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

கதவைத் திறந்தாள்.

"சார்ஜென்ட் சொன்ன கான்ஸ்டபிள் நீங்கதானா? உள்ள வாங்க. வண்டி எங்கே?"

"பள்ளத்துல இறங்கிடுச்சு. வீட்டுல வேற யாரும் இல்லியா?"

"நான் மட்டும்தான். க்ளைவ் பன்னெண்டு மணிக்கு வண்டியோட வந்துடுவான்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றே முக்கால்.

மேஜையருகே வந்தான். துப்பாக்கிப் பாகங்களைப் பார்த்தான். பக்கத்தில் திறந்து கிடந்த தோட்டாப் பெட்டியை அலட்சியமாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் தொப்பியை வைத்தான்.

நெரிடாவுக்குத் திக்கென்றது.

டாஸ்மேனியாவில் எந்தப் போலீஸ்காரன் வீட்டுக்குள் வந்தாலும் அவன் கண் முதலில் போவது அங்கேதான். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். போன வருஷம் அவள் பிறந்தநாளுக்கு வந்த டெஸ்மண்ட், அலமாரி மேல் ஒரே ஒரு தோட்டாவைப் பார்த்துவிட்டு, கேக்கைக் கீழே வைத்து இருபது நிமிஷம் திட்டிய மனுஷன்!

இவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே...

அப்போதுதான் கவனித்தாள். இடுப்பு உறையில் துப்பாக்கி இல்லை. காலரில் ரத்தம்!

"டீ... டீ போடட்டுமா?"

"உன் மூஞ்சியே சொல்லுதே! கண்டுபிடிச்சிட்டே, இல்ல?" அவன் சிரித்தான். அடுப்பு மேடையிலிருந்து எடுத்த அவளுடைய இறைச்சிக் கத்தி அவன் கையில் மின்னியது. "இந்தச் சட்டைக்காரன் ஆத்துல கிடக்கான். விழும்போது துப்பாக்கியையும் கொண்டு போயிட்டான், பாவி! பரவாயில்ல. இந்தத் துப்பாக்கியை மாட்டு."

"எ... எதுக்கு?"

"உன் புருஷனோட வண்டி எனக்கு வேணும். புருஷன் வேண்டாம்."

"சாவியைக் கொடுத்துடுவான்! நான் சொல்றேன். அவனை விட்டுடு... கும்பிடறேன்!"

"கத்தியைத் தூக்கிட்டு ஆடு மேய்க்கிற தடியன்கிட்ட போக நான் என்ன கேனயனா? மாட்டுடி!"

 க்ளைவ்! வாசலில் வந்து இறங்குவான். விசிலடிப்பான். அவள் மாட்டிக் கொடுத்த துப்பாக்கியாலேயே...

குழலைப் புதுக் கட்டையில் உட்கார வைத்தாள்.

"அது என்ன சீட்டு?"

அவன் எட்டிப் பார்த்தான்.

"ம... மளிகை லிஸ்ட்."

டீக் கோப்பை அவள் முழங்கையில் இடித்துச் சாய்ந்தது. சீட்டு முழுக்க டீ! மை கரைந்து ஓடியது.

"ஒரு கோப்பையை ஒழுங்கா வைக்கத் துப்பில்ல! சீக்கிரம்!"

நெரிடா நெட்டை ஸ்க்ரூவை எடுத்தாள். முன் ஓட்டையில் போட்டு முறுக்கினாள். குட்டையைப் பின் ஓட்டையில் போட்டாள்.

வெளியே எஞ்சின் சத்தம். க்ளைவின் வண்டி!

"இப்படிக் கொடு!"

துப்பாக்கியைப் பிடுங்கினான். போல்ட்டைச் சொருகினான். தோட்டாவைப் போட்டான். ஜன்னலோரம் மண்டியிட்டான். கண்ணாடிக்கு அப்பால் க்ளைவ் இறங்கி, கை வீசி நடந்து வந்தான். விசில் வேறு!

ஹோபன் போல்ட்டைத் தள்ளினான்.

போயிற்று... போயிற்று... நின்றது!

கைப்பிடி கீழே மடங்கவே இல்லை. அது மடங்காமல் துப்பாக்கி சுடாது. முன் ஓட்டையிலிருந்த நெட்டை ஸ்க்ரூ, மேலே மூக்கை நீட்டிப் போல்ட்டை மறித்துக்கொண்டிருந்தது. போன தடவை இதே தப்பைத் தெரியாமல் செய்து, நெரிடா ஒரு வாரம் க்ளைவிடம் கேலி வாங்கியிருந்தாள்.

இன்று தெரிந்தே செய்தாள்.

"என்னடி பண்ணித் தொலைச்சே?" இரண்டு கையாலும் போல்ட்டோடு மல்லுக்கட்டினான். கத்தி தரையில் கிடந்தது.

நாற்காலியிலிருந்த பழைய வால்நட் கட்டையை நெரிடா இரண்டு கையாலும் தூக்கினாள்.

மடேர்!

ஹோபன் முனகல்கூட இல்லாமல் சரிந்தான்.

பத்து நிமிஷத்தில் டெஸ்மண்ட் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார். தரையில் கயிற்றால் கட்டுண்டு கிடந்தவனைப் பார்த்தார். அப்புறம் மேஜையைப் பார்த்தார்.

"நெரிடா! துப்பாக்கி வெச்ச மேஜையிலேயே தோட்டாப் பெட்டியா? திறந்து வேற வெச்சிருக்கே! உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

நெரிடா அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

"திட்டுங்க சார்ஜென்ட்... நல்லா திட்டுங்க! நீங்கதான் அசல் போலீஸ்!"

க்ளைவின் முகம் வெளுத்திருந்தது. அவள் கையைப் பிடித்தபடி, அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான்.

"ஆமா... பழைய கட்டையை அடுப்புல போடலாம்னியே. புதுக் கட்டை எப்படி இருக்கு?"

நெரிடா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"புதுசு இன்னும் ஒரு குண்டுகூடச் சுடல... ஆனா பழசு இருக்கே, குறி தப்பாம அடிக்குது!"